மூணு வரை எண்ணாதவள்

எங்கள் ஊர்ப் பெண்கள் கால்பந்து அணி மேல் டிவிஷனுக்கு ஏறிய பத்தாம் நாள், என் அக்காவைக் கீழே இறக்கும் வேலை தொடங்கியது. அவளுக்கு அதை முதலில் சொன்னது ஓர் ஆர்டர் சீட்டு.

அக்காவும் அவள் கணவரும் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார்கள். ஜன்னலுக்கும் அலமாரிக்கும் மீன் தொட்டிக்கும் கண்ணாடி வெட்டிக் கொடுப்பார்கள். கடையின் பின்னறையில் ஒரு சிறிய இயந்திரம் இருக்கிறது. மணலைப் பீய்ச்சிக் கண்ணாடியில் எழுத்துப் பதிக்கும். ஊரில் அப்படி ஓர் இயந்திரம் அது ஒன்றுதான். யாருக்கு நினைவுப் பரிசு கொடுப்பதென்றாலும் அங்கேதான் வந்தாக வேண்டும். கால்பந்து கிளப்பின் எழுத்தர் வந்தபோது அக்கா ஜன்னல் அளவெடுக்கப் போயிருந்தாள். மாமா வலது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார். இடது கையால் கோணல்மாணலாக எழுதிக்கொண்டார்: பன்னிரண்டுக்கு ஒன்பது அங்குலம், ஓரம் பளபளப்பாக. வாசகம், 'பன்னிரண்டு ஆண்டுகள் எங்கள் தாழ்ப்பாளாக நின்று ஓய்வுபெறும் வீராங்கனைக்கு.' அதற்குக் கீழே ஒரு தேதி.

எழுதி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்திருக்கிறது. ஊரில் தாழ்ப்பாள் என்று பட்டப்பெயர் உள்ளவள் ஒருத்திதான். அவருடைய மனைவி.

சீட்டை எண்ணெய் டப்பாவுக்கு அடியில் ஒளித்து வைத்தார். கண்ணாடி வெட்டும் சக்கரத்துக்கு எண்ணெய் தேவைப்படும் என்பது அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவில்லை. மறுநாள் காலை அக்கா டப்பாவை எடுத்தாள். நான் அப்போது தரையில் உட்கார்ந்து பழைய செய்தித்தாள்களை இரண்டாகக் கிழித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிகளை அடுக்கும்போது ஒன்றோடொன்று உரசாமலிருக்க நடுவில் காகிதம் வைக்க வேண்டும்.

"இது யாருக்கு?" என்றாள் அக்கா.

மாமா மீன் தொட்டியைப் பார்த்தார்.

"உங்களத்தான் கேக்கறேன். யாருக்கு இது?"

"யாரோ ரிட்டையர் ஆகறாங்களாம்."

அக்கா சீட்டை மறுபடி படித்தாள். "நான் ரிட்டையர் ஆகறேனா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீதான் வீட்ல எதையும் சொல்றதில்லையே."

அவள் சிரிக்கவில்லை, கத்தவும் இல்லை. சீட்டைச் சுவரில் இருந்த ஆணியில் மற்ற ஆர்டர்களோடு குத்தினாள். "ஆர்டர்னா ஆர்டர்தான். வெட்டிக் குடுப்போம்," என்று சொல்லிவிட்டு எண்ணெயை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனாள். அன்று அவள் வெட்டிய முதல் கண்ணாடி அந்தப் பன்னிரண்டுக்கு ஒன்பதுதான்.

ஆறு வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு ஒரு தோள்பையோடு நான் திரும்பி வந்து அப்போது இரண்டு வாரம் ஆகியிருந்தது. எந்த ஊரிலும் எட்டு மாதத்துக்கு மேல் தங்காதவள் நான். அக்கா இதற்கு நேர்மாறு. பன்னிரண்டு வருஷமாக ஒரே கிளப், ஒரே இடம்: கோல்கீப்பருக்கு முன்னால், நடுவில். மாப்பிள்ளை பார்த்தபோதுகூட, ஞாயிற்றுக்கிழமை மதியம் தன்னை எதற்கும் கூப்பிடக் கூடாது என்பதை மட்டும்தான் அவள் நிபந்தனையாகச் சொன்னாள். மாமா ஒப்புக்கொண்டார். அவர் ஞாயிற்றுக்கிழமை மதியம் தூங்குகிறவர், அவருக்கு அதில் நஷ்டமில்லை.

அக்காவுக்கு வயது முப்பத்துநாலு. உயரம் என் தோளுக்குக் கொஞ்சம் மேலே. கால்கள் குட்டை. முழங்காலில் ஆறு தையல், புருவத்தில் மூன்று, அவை ஆட்டத்தில் கிடைத்தவை. விரல்களில் உள்ளதெல்லாம் கண்ணாடி கொடுத்தது. ஓடி யாரையும் பிடிக்கமாட்டாள். அவர்கள் வரவேண்டிய இடத்தில் முன்னாலேயே நின்றுகொண்டிருப்பாள். 'இவ எப்ப அங்க போனா?' என்று எதிரணிக்காரிகள் கேட்பது வழக்கம்.

அன்று நான் கிழித்துக்கொண்டிருந்த தாள்களில் உள்ளூர்ப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கமும் இருந்தது. 'புதிதாக ஏறிய அணியின் தடுப்பு வலுப்பெற வேண்டும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஐம்பத்தெட்டு கோல் அடித்த அணி முப்பத்தொரு கோல் வாங்கியிருக்கிறது, மேல் டிவிஷனில் இந்தக் கதவு தாங்காது என்று எழுதியிருந்தார்கள். நான் அதை மறைக்கப் பார்த்தேன். அக்கா கையை நீட்டினாள். நின்றபடியே முழுதும் படித்தாள். பிறகு இரண்டாகக் கிழித்து இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் வைத்தாள்.

"நீயும் அப்படித்தான் நினைக்கறியா?" என்றாள் என்னைப் பார்க்காமல்.

நான் உண்மையைச் சொன்னேன். "பன்னெண்டு வருஷம் ஆடிட்டியே அக்கா. போதாதா?"

"உனக்கு எட்டு மாசமே போதும். எனக்கும் உனக்கும் ஒரே தராசா?"

அத்தோடு விட்டுவிட்டாள். ஆனால் அன்று மதியமே என்னை வேலைக்குப் பிடித்துப் போட்டாள். ஒரு துணிக்கடைக்கு ஆறடி உயரக் கண்ணாடி போக வேண்டியிருந்தது. மாமாவின் கை கட்டில் இருந்தது. ஏணியில் ஏறியபோது எட்டாத ஆணிக்கு எட்டி விழுந்தவர் அவர். ஆகவே கண்ணாடியின் மறுமுனை எனக்கு.

பெரிய கண்ணாடியை இரண்டு பேர் தூக்கிப் போகும்போது ஒருவர் முன்னோக்கி நடப்பார், மற்றவர் பின்னோக்கி நடப்பார். பின்னோக்கி நடப்பவருக்கு வழி தெரியாது. எதிரில் இருப்பவர் சொல்வதை நம்பி நடக்க வேண்டும். அக்கா எனக்கு அந்த இடத்தைக் கொடுத்தாள்.

"கீழ பாக்காத. திரும்பிப் பாக்காத. என் தோளப் பாரு. பாக்கறவதான் பேசணும். பாக்காதவ கேக்கணும், அவ்வளவுதான். இறக்கும்போது நான் எண்ணுவேன்."

தெரு தாண்டினோம், ஒரு படி ஏறினோம், துணிக்கடைக்குள் போனோம். உலகம் முழுக்க முன்னோக்கியே நடந்த எனக்கு அந்த நாற்பதடி பின்னோக்கி நடந்ததில் வியர்த்துக் கொட்டிவிட்டது. இறக்க வேண்டிய இடம் வந்தது. அக்கா எண்ணினாள்.

"ஒண்ணு. ரெண்டு."

'ரெண்டு' என்றதும் அவள் பக்கம் கீழே போய்விட்டது. நான் மூணுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி சாய்ந்தது, என் கை நழுவி என் பக்கத்து மூலை தரையில் இடித்தது. நகம் அளவு ஒரு சில்லு தெறித்தது.

"மூணு எங்க?" என்றேன்.

"மூணு கிடையாது."

"எல்லாரும் மூணு வரைக்கும்தானே எண்ணுவாங்க?"

"எல்லாரும் எண்ணுவாங்க. ஒருத்தன் மூணுன்னு சொல்லும்போது இறக்குவான், இன்னொருத்தன் சொல்லி முடிச்சப்பறம் இறக்குவான். மூணுல எப்பவும் சண்டைதான். ரெண்டுல யாருக்கும் யோசிக்க நேரம் இருக்காது. கடை ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இங்க ரெண்டுதான்."

துணிக்கடைக்காரர் சில்லைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தார். "அந்த மூலை சட்டத்துக்குள்ள போயிடும், கவலைப்படாதீங்க," என்றாள் அக்கா. திரும்பி நடக்கும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "ஆறு வருஷத்துல ஒரு பின்னடிகூட வைக்கக் கத்துக்கலையாடி நீ?"

அன்று மாலை அவள் கிளப் தலைவரைப் பார்க்கப் போனாள். என்னையும் கூட்டிக்கொண்டு போனாள், சாட்சிக்கு.

தலைவர் குளியலறைச் சாமான் கடை நடத்துகிறார். கிளப்புக்குத் தனி அலுவலகம் கிடையாது. கூட்டமெல்லாம் அங்கேதான், தொட்டிகளுக்கும் பீங்கான்களுக்கும் நடுவில். தலைவர் மேசைக்குப் பின்னால் இருந்தார். எழுத்தர் அவர் பக்கத்தில் நின்றார். பயிற்சியாளர் ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர், நல்ல மனிதர். நாற்காலி இல்லாததால் விற்பனைக்கு வைத்திருந்த குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

"வாம்மா தாழ்ப்பாள்," என்றார் தலைவர். "உனக்கு விஷயம் எப்படித் தெரிஞ்சுது?"

"எங்கிட்டதானே ஆர்டர் குடுத்தீங்க."

தலைவர் எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் குழாய்களைப் பார்த்தார்.

"வேற கடை இல்லீங்களே," என்றார் எழுத்தர்.

"சரி, நல்லதாப் போச்சு," என்று தலைவர் சமாளித்தார். "உனக்கு ஒரு மரியாதை செஞ்சு அனுப்பணும்னுதான் இதெல்லாம். நல்லா செய்யணும்னு ஆசைப்பட்டோம்."

"உசிரோட இருக்கறவளுக்கு எதுக்குங்க படம் மாட்டறீங்க?"

பயிற்சியாளர் குறுக்கே வந்தார். "கோவப்படாதம்மா. தலைநகரத்துலேர்ந்து ரெண்டு பேர் வர்றாங்க, ரெண்டு பேரும் தடுப்புல நடுவுல ஆடறவங்க. திங்கட்கிழமை பேர்ப்பட்டியல் குடுத்தாகணும். உன் இடமும் ஊசி இடமும் அவங்களுக்கு. முப்பத்தொரு கோல் வாங்கியிருக்கோம், அதுவும் கீழ் டிவிஷன்ல. மேல இருக்கறவங்க காத்து மாதிரி ஓடறாங்க. பத்திரிகைல எழுதினது தப்பா?"

ஊசி என்பது அக்காவின் பக்கத்தில் ஒன்பது வருஷமாக ஆடுகிறவள். ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"தப்பில்ல," என்றாள் அக்கா.

பயிற்சியாளர் தொட்டியின் விளிம்பில் நகர்ந்து உட்கார்ந்தார். அவர் வேறு பதிலுக்குத் தயாராகி வந்திருந்தார்.

"தடுப்பு வலுவாகணும். நானும் அதத்தான் சொல்றேன். எந்த ஓட்டைய அடைக்கறீங்கன்னுதான் கேக்கறேன். முப்பத்தொண்ணும் எப்படி வந்துச்சுன்னு தெரியுமா சார்?"

அக்கா விரலை மடக்கிச் சொன்னாள். "பதினொண்ணு கார்னர்ல வந்தது. நானும் குட்டை, ஊசியும் குட்டை, தலைக்கு மேல போகுது. அஞ்சு பெனால்டி. அதுல மூணு நான் குடுத்தது. அஞ்சு, எனக்கு வேகம் பத்தாம வந்தது. அதயும் ஒத்துக்கறேன். எத்தன ஆச்சு?"

"இருபத்தொண்ணு," என்றேன் நான். சாட்சிக்கு வந்தவளுக்கும் ஒரு வேலை வேண்டுமே.

"மிச்சம் பத்து, நடு ஆட்டத்துல இருக்கறவங்க முன்னாடி போயிட்டுத் திரும்பி வராததால வந்தது. பந்து பறிபோனா அவங்க நின்னு வேடிக்கை பாக்கறாங்க. ஏழு பேர் எங்க நாலு பேர் மேல வர்றாங்க. அப்ப கதவு என்ன செய்யும்? சுவரே இல்லையே."

"அப்படி யாரு திரும்பி வரலன்னு சொல்ற?" என்றார் தலைவர். கேட்டிருக்க வேண்டாம்.

"உங்க அண்ணன் பொண்ணு."

அந்தக் கடையில் அறுபது குழாய்களாவது இருக்கும். ஒன்றிலும் தண்ணீர் கிடையாது. இந்த முறை தலைவரும் அவற்றைத்தான் பார்த்தார்.

"உயரமா ஒருத்தி வேணும் சார்," என்று அக்கா பயிற்சியாளரிடம் தொடர்ந்தாள். "நீட்டுக் காலா இருந்தா இன்னும் நல்லது. ஒருத்தி போதும். எங்க ரெண்டு பேரையும் எடுத்துட்டு வேற ரெண்டு பேரப் போட்டா, அந்தப் பத்து அப்படியே இருக்கும், கூட இன்னும் பத்து வரும். அவங்களுக்கு நம்ம ஆட்டம் பழக்கமே இல்லையே."

தலைவருக்கு முகம் சிவந்திருந்தது. "பேச்சுக்கென்ன, யார் வேணா பேசலாம். ஞாயித்துக்கிழமை அவங்க வர்றாங்க, பயிற்சி ஆட்டம் இருக்கு. பாத்துட்டு முடிவு பண்ணுவோம். நீ வந்து உக்காந்து பாரு."

"உக்காந்து பாக்க நான் வரல. ரெண்டாம் அணியில போடுங்க. என்னையும் ஊசியையும் சேத்து, பழைய வரிசை நாலு பேரையும். அவங்க முதல் அணியில ஆடட்டும். யாரு எவ்வளவு வாங்கறாங்கன்னு எண்ணிப் பாருங்க."

"தோத்துட்டா?"

"தோத்துட்டா அந்தக் கண்ணாடிய நானே கொண்டுவந்து மேடையில வெச்சு, நானே வாங்கிக்கறேன்."

பயிற்சியாளர் எழுந்தார். "ஆடட்டும் தலைவரே," என்றார். "ஒரு ஆட்டந்தானே."

வெளியே வந்ததும், ஐந்து கோல் தன்னால் என்று ஏன் சொன்னாய் என்று கேட்டேன். சொல்லாமல் விட்டிருக்கலாம், அவர்களுக்கா தெரியும்?

"எனக்குத் தெரியுமே," என்றாள். கொஞ்ச தூரம் போய், "அதுல ஒண்ணு ரொம்ப அசிங்கமான கோல்," என்றும் சொன்னாள்.

ஞாயிறு மதியம் மாமாகூடத் தூங்காமல் மைதானத்துக்கு வந்துவிட்டார். கண்ணாடியில் எழுத்தெல்லாம் பதித்தாகிவிட்டது, தேதி மட்டும் பாக்கி என்று என் காதில் சொன்னார். "இன்னிக்குப் பாத்துட்டு பதிக்கலாம்னு சொல்லிட்டா. என்னத்தப் பதிக்கறது."

தலைநகரத்துப் பெண்களில் ஒருத்தி நல்ல உயரம். வந்த அரைமணியில் நெட்டை என்று பெயர் வைத்துவிட்டார்கள். மற்றவள் சின்ன உடம்பு, வெகு வேகம். அவளுக்குச் சிட்டு. இருவரும் நன்றாகவே ஆடினார்கள். நெட்டை தலையால் தொடாத உயரப்பந்து ஒன்றுகூட இல்லை. நான் அக்காவுக்காகப் பயந்தேன். பயந்தபடியே பதினைந்தாம் நிமிஷத்தில் நடந்தது. முதல் அணியின் முன்வரிசைக்காரி அக்காவுக்கு வலப்பக்கம் பந்தைத் தள்ளிவிட்டு இடப்பக்கம் ஓடினாள். அக்கா திரும்புவதற்குள் அவள் பத்தடி தாண்டிவிட்டாள். கோல்.

தலைவர் கைதட்டினார். அந்த முன்வரிசைக்காரி ஓடிவந்து அக்காவின் தோளைத் தொட்டு, "சாரி தாழக்கா," என்றாள்.

"எதுக்குடி சாரி? நல்லா அடிச்ச. அடுத்தது அடி பாப்போம்."

அடுத்தது அடிக்கவில்லை. இடைவேளை வரை பழைய வரிசை நாலு பேரும் ஒரே கயிற்றில் கட்டியது போல நகர்ந்தார்கள். அக்கா எண்ணுவது எங்களுக்குக் கேட்டது. "ஒண்ணு. ரெண்டு." ரெண்டு என்றதும் நாலு பேரும் ஓரடி முன்னால் ஏறுவார்கள். பந்தை உதைத்து அனுப்பும் நேரத்தில் கடைசித் தடுப்புக்காரிக்கும் பின்னால் நிற்கும் எதிராளி ஆஃப்சைடு, அவள் கோல் அடித்தாலும் செல்லாது. நாலு பேரும் ஒன்றாக ஏறினால் எதிராளி வலையில் விழுந்த மாதிரி. ஒருத்தி பின்தங்கினாலும் வலை கிழிந்துவிடும். அந்த ஒரு பாதியில் மட்டும் ஆறு முறை விசில் ஊதினார்கள்.

இடைவேளையில் பயிற்சியாளர் ஒரு மாற்றம் செய்தார். ஊசியை முதல் அணிக்கு, நெட்டைக்குப் பக்கத்தில் அனுப்பினார். இடது ஓரத்தில் அவள் தேறுவாளா என்று பார்க்க நினைத்ததாகப் பிறகு சொன்னார். ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிஷம் இருக்கும். தலைவரின் அண்ணன் மகள் பந்தைப் பறிகொடுத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள். ரெண்டாம் அணிக்காரிகள் ஓடிவந்தார்கள். முதலில் பார்த்தவள் ஊசி, ஆகவே அவள் எண்ணினாள். பார்க்கிறவள்தானே பேச வேண்டும்.

"ஒண்ணு. ரெண்டு."

ஊசி முன்னால் ஏறினாள். நெட்டையும் சிட்டுவும் ஏறவில்லை. அவர்கள் முகத்தை நான் பார்த்தேன். அடுத்த எண்ணுக்காகக் காத்திருக்கிற முகம். துணிக்கடையில் என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். ரெண்டாம் அணியின் பெண் தனியாக ஓடிப்போய்ச் சாவகாசமாகக் கோல் போட்டாள்.

"பாத்தீங்களா?" என்று தலைவர் எழுந்தார். "இந்த நர்ஸம்மா எதுக்கு முன்னாடி ஓடுது? கதவத் திறந்து விட்டுட்டு ஓடுது. பழசு பழசுதான்."

ஊசி தலையைக் குனிந்துகொண்டாள். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கோட்டோரத்தில் நின்று கத்திவிட்டேன்: "மூணு கிடையாது."

மைதானமே திரும்பி என்னைப் பார்த்தது. மாமா மாவுக்கட்டுக் கையால் முகத்தை மூடிக்கொண்டார்.

அக்கா மட்டும் என்னைப் பார்க்கவில்லை. மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு நடந்து வந்தாள். ஓடவில்லை, நடந்தாள். நடந்தபடியே, பனியனுக்கு மேல் போட்டிருந்த ரெண்டாம் அணியின் மஞ்சள் மேல்சட்டையைக் கழற்றினாள். சிட்டுவிடம் போய்க் கையை நீட்டினாள்.

"உன் சட்டையக் குடும்மா. கோவிச்சுக்காத. பதினஞ்சு நிமிஷம் உக்காரு."

சிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் பயிற்சியாளரைப் பார்த்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தாள்.

"ஏய், யாரு உன்ன மாறச் சொன்னது?" என்று பயிற்சியாளர் கத்தினார்.

"யாரும் சொல்லல சார்."

"வெளிய வா."

"அப்பறம் வரேன்."

விசில் ஊதினார். அவள் சிவப்புச் சட்டையைத் தலைவழியே மாட்டிக்கொண்டிருந்தாள், காதில் விழாத மாதிரி. பிறகு ஊசியின் தோளில் தட்டினாள். "நீ சரியாத்தான் ஏறின. தலையத் தூக்குடி." நெட்டையை அண்ணாந்து பார்த்தாள். பார்க்கக் கழுத்தை நன்றாக வளைக்க வேண்டியிருந்தது.

"உயரமெல்லாம் உன்னோடது. வாய் என்னோடது. ரெண்டுன்னா ஏறு. மூணு கிடையாது. புரிஞ்சுதா?"

"ஏன் மூணு கிடையாது?" என்றாள் நெட்டை.

"கடைக்கு வா, சொல்றேன். இப்ப ஏறு."

பயிற்சியாளர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். அவளை வெளியேற்றத்தான் ஊதுவார் என்று நினைத்தேன். ஆட்டம் தொடர ஊதினார்.

முதல் முறை நெட்டை அரை நொடி தாமதித்தாள், தப்பித்தோம். இரண்டாம் முறை சரியாக ஏறினாள். மூன்றாம் முறை ரெண்டு என்ற சொல் முடியும் முன்பே ஏறிவிட்டு, கொடி உயர்ந்ததைப் பார்த்துச் சின்னப்பெண் மாதிரி சிரித்தாள். பதினைந்து நிமிஷத்தில் நாலு ஆஃப்சைடு. மூன்று கார்னர், மூன்றையும் நெட்டை தலையால் வெளியே அனுப்பினாள்.

கடைசி நிமிஷத்தில் ஒருத்தி வலையைத் தாண்டிவிட்டாள். பயிற்சியாளர் அந்த வேகமான முன்வரிசைக்காரியை வேண்டுமென்றே ரெண்டாம் அணிக்கு மாற்றியிருந்தார். அதே வேலைதான்: வலப்பக்கம் பந்து, இடப்பக்கம் ஓட்டம். அக்கா திரும்பினாள், பின்தங்கினாள். மாமா கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் அக்கா அவளைத் துரத்தவில்லை. எந்தப் பக்கம் போகாமல் தடுக்க வேண்டுமோ அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு, "வெளிப்பக்கம், வெளிப்பக்கம்," என்று கூவினாள். நெட்டை தன் கணக்கில் நாலே எட்டு வைத்தாள். காலை நீட்டினாள். பந்து கோட்டுக்கு வெளியே போய் மாமாவின் காலடியில் நின்றது. மாமா கண்ணைத் திறந்து, "என்னாச்சு?" என்றார்.

அக்கா மூச்சு வாங்கியபடி பயிற்சியாளரிடம் வந்தாள். "இதத்தான் சார் கேட்டேன்," என்றாள். "இந்த ஒரு காலு."

"நான் வெளிய வான்னு சொன்னேன்."

"அதான் வந்துட்டேனே."

பயிற்சியாளர் சிரிப்பை அடக்கியது தெரிந்தது. தலைவருக்கு அடக்க வேண்டிய சிரிப்பு எதுவும் இல்லை. யார் எவ்வளவு வாங்கினார்கள் என்று எண்ணிப் பார்க்கச் சொன்னவள் அக்காதான். எண்ணினால் ஒன்றுக்கு ஒன்று, யாரும் ஜெயிக்கவில்லை. தலைவர் அதையேதான் சொன்னார்: "சமம்தானே? என்ன நிரூபிச்ச?"

"சமம்னா நான் தோக்கலைன்னு அர்த்தம்," என்றாள் அக்கா. "மேடை வேணாம்."

திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குப் பேர்ப்பட்டியல் கிளப்பின் தகவல் பலகையில் ஒட்டப்பட்டது. அக்கா போய்ப் பார்க்கவில்லை. வீடு கட்டுகிற ஒருவருக்கு எட்டு ஜன்னல் கொடுத்தாக வேண்டியிருந்தது. பயிற்சியாளரே பள்ளி இடைவேளையில் கடைக்கு வந்தார். கண்ணாடிகளுக்கு நடுவில் இடிக்காமல் உடம்பை ஒடுக்கி நின்றார்.

"பின்னால நாலுக்குப் பதிலா அஞ்சு பேர் ஆடப் போறோம்," என்றார். "நடுவுல நீ, நெட்டை, ஊசி. நடு ஆட்டத்துல ஒரு ஆளக் குறைச்சாச்சு."

"யார?" என்றாள் அக்கா, அளவுகோலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"திரும்பி வராதவளத்தான்."

அக்கா அளவுகோலைக் கீழே வைத்தாள். "தலைவர் ஒத்துக்கிட்டாரா?"

"இல்ல. பட்டியல்ல கையெழுத்து எனக்கு. அவருக்கு இல்ல." அவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "சிட்டு மாத்து ஆட்டக்காரி. நீயும் ஒண்ணு தெரிஞ்சுக்க. முதல் ஆட்டத்துல உன்னைக் கேப்டனா போடறதா இருந்தேன். நீ நடந்து வந்தியே, சட்டையக் கழட்டிக்கிட்டு, அதுக்காகப் போடமாட்டேன். ஊசிதான் கேப்டன்."

"அது நியாயம்," என்றாள் அக்கா. ஊசிக்கு உடனே போன் செய்து சொல்லும்படி என்னிடம் சொன்னாள். ஊசி ஆஸ்பத்திரியில் யாருக்கோ ஊசி போட்டுக்கொண்டிருந்தாளாம், எடுக்கவில்லை.

சாயங்காலம் கிளப் எழுத்தர் வந்தார். வாசலிலேயே நின்று, "அந்த ஷீல்டு…" என்று இழுத்தார். "தலைவர் ஆர்டரக் கேன்சல் பண்ணிடச் சொன்னாரு."

அக்கா பின்னறைக்குப் போய் எடுத்து வந்தாள். நல்ல வேலை. ஓரம் நான்கும் தண்ணீர் போலப் பளபளத்தன, எழுத்து ஒவ்வொன்றும் அச்சடித்தது போல இருந்தது. கீழே ஒரு விரல்கடை இடம் வெறுமையாக இருந்தது.

"வெட்டின கண்ணாடியக் கேன்சல் பண்ண முடியாதுன்னு அவருகிட்டச் சொல்லுங்க," என்றாள். "பத்திரமா இருக்கும். தேதி போட இடம் விட்டிருக்கேன். அது எந்தத் தேதின்னு நான் சொல்லுவேன்."

எழுத்தர் போன பிறகு அதைத் தாளில் சுற்றி, அலமாரியின் மேல்தட்டில், உடைந்த துண்டுகள் வைக்கும் பெட்டிக்குப் பின்னால் தள்ளிவிட்டாள்.

முதல் ஆட்டம் போன ஞாயிறு நடந்தது. போன வருஷம் இரண்டாம் இடம் பிடித்த அணி வந்திருந்தது. உண்மையிலேயே காற்று மாதிரிதான் ஓடினார்கள். ஒரு கோல் வாங்கினோம், ஒரு கோல் போட்டோம். வாங்கியது கார்னரில் அல்ல, நடு ஆட்டத்தாலும் அல்ல. அக்கா கொடுத்த பெனால்டி. ஆட்டம் முடிந்ததும் அவளே எண்ணிக்கொண்டாள்: "ஒண்ணு. என்னோடது."

மறுநாள் காலை பத்திரிகை வந்தது. நான் வழக்கம்போலத் தரையில் உட்கார்ந்து தாள் கிழித்துக்கொண்டிருந்தேன். வந்து எட்டாவது வாரம் அது. பை இன்னும் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. மாமாவின் கட்டைப் பிரிக்க இன்னும் பத்து நாள் இருக்கிறது, அதுவரை கண்ணாடியின் மறுமுனை எனக்குத்தான். விளையாட்டுப் பக்கத்தைப் பிரித்தால் அதே கொட்டை எழுத்து. புதிதாக ஏறிய அணி போராடிச் சமன் செய்தது, எனினும் தடுப்பு இன்னும் வலுப்பெற வேண்டும்.

மாமா கோபத்தில் எழுந்தேவிட்டார். "இவனுக்குக் கண்ணு இருக்கா இல்லையா? நேர்ல போய் நாலு கேள்வி கேக்கறேன்."

"உக்காருங்க," என்றாள் அக்கா. தாளை என் கையிலிருந்து வாங்கினாள், இந்த முறை படிக்காமலே நேர்பாதியாகக் கிழித்தாள். "எழுதட்டும். வாரா வாரம் எழுதட்டும். எனக்கும் கண்ணாடிக்கு நடுவுல வைக்கத் தாள் வேணும்ல."

பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். ஆறடிக் கண்ணாடி சுவரில் சாய்ந்திருந்தது. நான் எழுந்து என் முனையைப் பிடித்தேன், அவள் தோளைப் பார்த்தேன்.

"ஒண்ணு," என்றாள்.